இருவர் சேர்ந்து போடும் முதல் கணக்கு

போன ஆண்டு வைகாசிக் கடைசியில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டில் வேட்டி, பட்டுச்சேலை, மோதிரத்தோடு ஓர் உறையும் வைத்தேன். உள்ளே சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போய்வர இருவருக்கும் விமான டிக்கெட், ஐந்து இரவு தங்குவதற்குப் பணம் கட்டிய ரசீது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மேடையில் பிரிக்கும்போது தெரியட்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் விசிலடித்தார்கள். பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுவீடு முடிந்து அவர்கள் போய் இறங்கியபோது அங்கே மழை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்திலேயே அந்தமானுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், டிக்கெட் எடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை. கடல் கொந்தளிப்பால் ஹேவ்லாக் தீவுக்குப் படகுகள் இரண்டு நாள் ஓடவில்லை. அந்தத் தீவில் எடுத்திருந்த அறைக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். மூன்றாம் நாள் படகு கிளம்பியது. வழி முழுக்க அந்தப் பெண் வாந்தி எடுத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், என் மருமகனின் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பி வந்து எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தார்கள். என் மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நான் நாகப்பட்டினம் பக்கம். சுனாமி வந்தப்ப எனக்கு ஆறு வயசு. கடலைத் தூரத்துல நின்னு பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தோசை இறங்கவில்லை.

அதிலிருந்து, உறவிலும் நட்பிலும் கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் தேனிலவைப் பற்றி நானாகவே வாயைத் திறந்து பேசுகிறேன். நம் கல்யாணங்களில் நாளை ஜோசியர் குறிக்கிறார். மண்டபத்தை அப்பா பிடிக்கிறார். சேலையை அத்தையும் சித்தியும் காஞ்சிபுரம் போய் எடுத்து வருகிறார்கள். சாப்பாட்டில் எத்தனை பொரியல் என்பதைக்கூட மணமக்களைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. அந்தக் கல்யாணத்திலேயே இருவருக்கு மட்டும் சொந்தமான காரியம் இந்த நாலைந்து நாள் பயணம் ஒன்றுதான். அதையும் மாமன் உறையில் போட்டுக் கொடுத்தால், அவர்கள் சேர்ந்து எடுக்க வேண்டிய முதல் முடிவைப் பறித்துக்கொண்டதாகிறது. எங்கே போவது, எவ்வளவு செலவழிப்பது, எத்தனை நாள் என்பதை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில் ஒருவர் பணத்தை எப்படிப் பார்க்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதற்கு ஆசைப்படுகிறார் என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடும். பொருத்தம் பார்க்கும் பத்தில் இதெல்லாம் இல்லை.

பேச்சைத் தொடங்க நல்ல இடம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் நாம் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மீதி மாதங்களில் முகூர்த்தம் எதில் அமைகிறதோ, அதுவே போகும் இடத்தைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. தையில் கல்யாணம் என்றால் அந்தமான் கடல் அமைதியாக இருக்கும். மாலத்தீவிலும் இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் வெயில் அடிக்கும். பனியைக் கையால் தொட வேண்டுமென்றால் குல்மார்க் அப்போதுதான் வெள்ளையாக இருக்கும். பாலித் தீவில் அந்த நேரம் மழைக்காலம். மூணாறுக்குத் தையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவது வழக்கம். வரையாட்டைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

வைகாசியில் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். ஊட்டியும் கொடைக்கானலும் பிதுங்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்றும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கல்யாணக் களைப்போடு கார் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் போய் நின்று செல்போனைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட, முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. வெயில் ஆகாது என்பவர்களுக்கு வைகாசியில் காஷ்மீரும் இமாச்சலமும் இதமாக இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் கடல் அப்போதுதான் அமைதியாகும்.

ஆனியில் முகூர்த்தம் அமைந்தவர்களுக்குக் குற்றாலச் சாரலைத்தான் நான் முதலில் சொல்வேன். நம் பெரியவர்கள் காலத்தில் புதுமணத் தம்பதிகள் போன இடம்தான். வார நாளில், விடியற்காலையில், ஐந்தருவிப் பக்கம் கூட்டம் சேர்வதற்கு முன்பு போய் நின்றால் அந்தச் சாரலுக்கு ஈடு எதுவும் இல்லை. அதே நேரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் வேறு கதை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனி, ஆடி மழையில் அந்த மலைச்சரிவுகளில் அறை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே போகாதீர்கள்.

ஆவணிக்கு லடாக்கும் பாலியும் பொருந்தும். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கிய முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வெடுக்க நாள் ஒதுக்காமல் போனால் தலைவலியும் மூச்சுத்திணறலும்தான் மிஞ்சும். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள். குன்னூர் வழியில் தண்டவாளத்தில் மண் சரிந்து ஊட்டி மலை ரயிலை நிறுத்துவது அப்போது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் உதய்ப்பூர், ஜெய்சால்மர் போன்ற ராஜஸ்தான் ஊர்கள் அருமையாக இருக்கும்.

அடுத்தது பணம். இதைப் பேசத்தான் எல்லோரும் கூசுகிறார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மொய் நோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது வீட்டில் இருக்கும் அமைதி எனக்குத் தெரியும். மண்டபத்துக்குப் பாக்கி, சமையலுக்குப் பாக்கி, போட்டோக்காரருக்குப் பாக்கி. அதற்கு நடுவே "ஹனிமூன் பேக்கேஜ், மாதத் தவணையில்" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. கடன் வாங்கித் தேனிலவு போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தனிநபர் கடன் வட்டி பொதுவாக நகைக்கடன் வட்டியைவிட அதிகம். நான்கு நாள் பயணத்துக்கு இரண்டு வருடம் தவணை கட்டினால், முதல் குழந்தைக்குத் தொட்டில் வாங்கும்போதும் அந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இருவரின் சேமிப்பிலிருந்து எடுக்க முடிந்ததுதான் பயணத்துக்கான பணம். அது இருபதாயிரமாக இருந்தால் இருபதாயிரத்துக்குள் போகலாம்.

கணக்கை எப்படிப் போடுவது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். இருவரிடமும் சேர்த்து 60,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதில் ஐந்தில் ஒரு பங்கை, 12,000 ரூபாயை, தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். ரயில் தவறுவது, காய்ச்சல் வருவது, வண்டி மாற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். மீதி 48,000. போய்வர டிக்கெட்டுக்கு 10,000 என்றால் 38,000 நிற்கிறது. அறை, சாப்பாடு, உள்ளூர் வண்டி மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 9,000 ஆகும் ஊர் என்றால் நான்கு நாள் தங்கலாம். நாள் எண்ணிக்கை கணக்கின் கடைசியில் வர வேண்டும். ஏஜென்ட் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் சொல்வார்கள்: "அஞ்சு நைட், ஆறு டே சார்." எண்ணிக்கையை முதலில் பிடித்துக்கொண்டால், அந்தப் பணத்துக்குள் அடக்குவதற்காக ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தள்ளி அறை போடுவார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் டாக்சிக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறை வாடகையில் இன்னொரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கும் அறைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். நூறு ரூபாய் கூடுதல் அறைக்காகக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் வரி கூடுகிறது. முன்பதிவு செய்யும்போது வரியோடு சேர்த்த தொகையைக் கேட்டு வாங்குங்கள். "கப்பிள் ஸ்பெஷல்" என்று கட்டில்மேல் ரோஜா இதழ் தூவி, ஒரு கேக்கும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாடும் சேர்த்து விற்பதற்குத் தனியாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பூ வேண்டுமென்றால் கிளம்பும்போது நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போகலாம்.

வெளிநாடு போக ஆசைப்படுவதில் தவறே இல்லை. விளம்பரத்தில் விமானக் கட்டணத்தைப் பெரிதாகப் போடுவார்கள். உண்மையான செலவு இறங்கிய பிறகு ஆரம்பிக்கிறது. மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டவருக்கு அங்கே போய் இறங்கியதும் கட்டணமில்லாமல் விசா. விமானமும் கொஞ்ச நேரந்தான். ஆனால், ஒவ்வொரு ரிசார்ட்டும் தனித் தனித் தீவு. தொலைவில் இருப்பதற்கு நீர்விமானத்தில் போக வேண்டும். அதற்கு ஒருவருக்குப் போய்வர 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். நீர்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலே போய்ச் சேருகிறவர்கள் அங்கே ஓர் இரவுக்குத் தனியாக அறை எடுக்க வேண்டும். தீவில் வேறு கடை கிடையாது என்பதால் ஒரு பாட்டில் தண்ணீர் முதல் இரவுச் சாப்பாடு வரை அவர்கள் சொன்னதுதான் விலை. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். இருவர் ஐந்து நாள் தங்கினால் அதுவே 120 டாலர்.

அதே மாலத்தீவில் இன்னொரு வழியும் உண்டு. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009 முதல் அனுமதி இருக்கிறது. மாஃபுஷி போன்ற தீவுக்கு மாலேயிலிருந்து படகில் போய்விடலாம். அறை ரிசார்ட் வாடகையில் சிறு பங்குதான். அங்கே மது கிடையாது. சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரைக்கு வெளியே உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். நம் ஊர் ஜோடிகளில் பலருக்கு இது ஒரு குறையாகவே படாது. கடலின் நிறம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பாலியில் இறங்கினால் விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலாக் கட்டணம் ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபியா. இருவருக்கும் சேர்த்து நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய் அளவில் வரும். ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா ஆளுக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்பி வராது. கூடவே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஏஜென்ட் வழியாக வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தால் பணம் கட்டும்போதே ஒரு தொகையை வரியாகப் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பல இளைஞர்கள் இதைக் கட்டணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாடு என்றால் தமிழர்களுக்கு அதிகம் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஒருவர் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். இன்னொருவருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் போட்டதுபோல் டிக்கெட்டில் பெயரைப் போட்டுவிட்டு விமான நிலையத்தில் தவித்தவர்களை எனக்குத் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, துபாய் போகவிருந்த நம் ஊர்க்காரர்கள் பலர் திகைத்தார்கள். பிறகு கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. டிக்கெட் எடுக்கும்போது இருவர் கடவுச்சீட்டையும் எதிரில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். புதுப் பெண் கணவர் பெயரைக் கடவுச்சீட்டில் சேர்த்த பிறகுதான் போக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய பெயரிலேயே போய்வரலாம்.

மாதமும் பணமும் கணக்கில் அடங்கிவிடும். மனிதர் இருவர் எப்படிப்பட்டவர்கள் என்பதில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் தவறினேன். ஒருவருக்கு விடுமுறை என்றால் பத்து மணி வரை தூங்குவது. இன்னொருவருக்கு ஆறு மணிக்கு எழுந்து எல்லா இடத்தையும் பார்த்துத் தீர்ப்பது. ஒருவருக்கு மதியம் தயிர்சாதம் இல்லாமல் முடியாது. இன்னொருவர் பெயர் தெரியாத மீனைக்கூட ருசி பார்ப்பார். வளைந்து வளைந்து ஏறும் வண்டியில் ஒருவருக்குக் குமட்டும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. குமட்டல் உள்ளவரைக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டாமா?

வெளியே சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாள் குறிக்கும்போது பெண்ணின் மாதவிலக்கு நாளை அம்மாக்கள் காதோடு காதாகக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது அதை யாரும் கேட்பதில்லை. வயிற்று வலியோடு ஒரு பெண் மலையேறுவதும் படகேறுவதும், அதைப் புதிய கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தவிப்பதும் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கணவனாகப் போகிறவனின் பொறுப்பு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் இருவருக்கும் அறிமுகமே சில மாதங்கள்தான், அதுவும் பெரும்பாலும் போனில். அப்படிப்பட்டவர்களைச் செய்வதற்கு ஒன்றுமில்லாத தீவில், ஓர் அறையும் கடலும் மட்டும் உள்ள இடத்தில், ஐந்து நாள் கொண்டுபோய் விடுவது நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் ஆளுக்கொரு செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குச் சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கும் இடம் வேண்டும். ரயிலில் போவது, நடப்பது, சந்தையில் பேரம் பேசுவது, வழி தவறி விசாரிப்பது. வருடக்கணக்காகக் காதலித்து, வீட்டோடு போராடி மணந்தவர்கள் வேறு. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. ஆலப்புழையில் ஒரு படகுவீட்டில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். மதியம் ஏறினால், மீனவர்கள் வலை போடும் நேரம் என்று அந்தி சாயும்போது படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் இறங்க வேண்டும். ஓர் இரவு போதும், இரண்டாவது இரவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சேர்ந்து செய்யும் பயணம் என்றால் எனக்கு மேட்டுப்பாளையம்தான் முதலில் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம். எதிர் நடைமேடையில் நீல நிற மலை ரயில் நிற்கும். சிமென்ட் பெஞ்சில் புது மஞ்சள் கயிறும் கையில் சிவந்த மருதாணியுமாக ஒரு பெண், பக்கத்தில் கசங்கிய சட்டையோடு அவள் கணவன், நடுவில் ஒரு டம்ளர் காபி. இந்தக் காட்சியைப் பார்க்காமல் நான் அங்கிருந்து கிளம்பியதே இல்லை. ஏழு மணிக்கு மேல் ரயில் புறப்படும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் சட்டம் ஆரம்பிக்கும். எஞ்சின் பின்னால் இருந்து முட்டித் தள்ளும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது குரங்குகள் பொட்டலத்தைப் பறிக்க வரும். சுமார் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானதும் பெட்டியிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தும். அப்போது அந்தப் புது ஜோடியும் சேர்ந்து கத்துவதைக் கேட்டிருக்கிறேன். அதுவரை ஒருவரையொருவர் "வாங்க, போங்க" என்று அளந்து பேசிக்கொண்டிருந்தவர்கள்.

நமக்குத் தேனிலவு ஊர்களைக் காட்டிக் கொடுத்தது சினிமா. ஸ்ரீதர் 1961-இல் 'தேன் நிலவு' படத்தைக் காஷ்மீரில் எடுத்தார். தால் ஏரியும் சிகாரா படகும் அன்றிலிருந்து தமிழ்நாட்டு ஆசைகளில் ஒன்றாகிவிட்டன. எழுபதுகளில் எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிபன்' எடுத்துக் கிழக்காசியாவைக் காட்டினார். இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. மிதக்கும் தட்டில் காலைச் சாப்பாடு, தண்ணீர்மேல் ஊஞ்சல், அதில் வெள்ளை உடையில் ஒரு பெண். இருபது வினாடிப் படம். அந்த ஊஞ்சலில் ஏறுவதற்கு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அந்தப் படத்தில் வராது. அடுத்தவர் போன இடத்துக்கு நாமும் போக வேண்டும் என்ற நெருக்கடி இன்றைய பிள்ளைகளுக்கு அதிகம். அவர்கள்மேல் எனக்குப் பரிவுதான் இருக்கிறது.

காஷ்மீருக்குப் போக விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அந்தச் செய்தியைப் பார்த்த எந்தப் பெற்றோரும் பிள்ளைகளைக் காஷ்மீருக்கு அனுப்பத் தயங்கத்தான் செய்வார்கள். போவதா வேண்டாமா என்பதை அன்றைய நிலவரம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வீட்டில் கவலையோடு காத்திருப்பவர்களுக்கு ஒரு போன் போட முடியாமல் போவது சின்ன விஷயமில்லை.

பணம் குறைவு, ஆனால் கடல் கடந்து போன நிறைவு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். மழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், நாள் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டும் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில், கீரிமலைக் கேணி, ஒரு நாள் படகில் நெடுந்தீவு. பிறகு கண்டி, நுவரெலியா மலைப்பக்கம் போகலாம். யாழ்ப்பாணத்தில் கேட்கும் மொழியும் நம் மொழி, சாப்பாடும் பழகிய சாப்பாடு. கடலுக்குப் பயப்படாதவர்கள் போகலாம்.

எப்போது போவது என்பதிலும் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. கல்யாணத்துக்கு மறுநாளே கிளம்பாதீர்கள். மூன்று நாள் தூக்கமில்லாத கண், தலைமுடியிலிருந்து இன்னும் முழுதாக எடுக்காத ஊசிகள், மறுவீடு, விருந்து, தாலி பிரித்துக் கோர்ப்பது என்று அழைப்புகள். நகை முழுவதையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டிய பயம் வேறு. ஒரு மாதம் கழித்துப் போகலாம். ஆறு மாதம் கழித்தும் போகலாம். அதற்குள் மண்டபப் பாக்கி தீர்ந்திருக்கும், கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கும், இருவருக்கும் ஒருவரையொருவர் ஓரளவு தெரிந்திருக்கும். நல்ல பருவமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தலைதீபாவளி முடிந்து போன நான்கு ஜோடிகளை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் தாமதமாகப் போனதாக வருந்தவில்லை.

என் மருமகனும் அந்தப் பெண்ணும் இந்தத் தையில் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை யாரும் உறை கொடுக்கவில்லை. அவள் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டாள், அவன் ரயில் பார்த்தான். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் இரண்டு இரவு, மதுரையில் ஒரு நாள், கொடைக்கானலில் மூன்று இரவு. மொத்தச் செலவு 31,000 ரூபாய். நான் அந்தமானுக்குக் கட்டியதில் பாதிகூட இல்லை. ஏரியைச் சுற்றி இருவரும் சைக்கிள் ஓட்டும் படத்தை அவள் எனக்கு அனுப்பினாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருக்கும் பெற்றோரிடமும், என்னைப் போன்ற தாய்மாமன்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயணத்துக்குச் சீர் செய்ய வேண்டுமென்றால் பணமாகக் கொடுங்கள், இடத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். மணமக்களிடம் ஒன்று. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. அந்தக் காலை வருவதற்குள் இருவரும் ஒரு மணி நேரம் போனில் இதைப் பேசிவிடுங்கள்.